எண்ணூர் வாயுக்கசிவு: 'இருமல் இருக்கா?' என்று ஒருமுறை கேட்டால் போதுமா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

இப்படி ஒரு விபத்து நடந்தால் மருத்துவ முகாம் போடுவாங்க. "என்ன பண்ணுது?" என்று கேட்டு மாத்திரை கொடுப்பாங்க. அதே கேள்வியை மறுபடியும் எப்போது கேட்க வேண்டும்?

ஒருமுறை கேட்டால் என்ன சிக்கல்?

அமோனியா தண்ணீரில் சட்டெனக் கரையும். அதனால் ஈரமான கண், மூக்கு, தொண்டையைத்தான் முதலில் தாக்கும். பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் சரியாகிவிடும். அதிகம் சுவாசித்த சிலருக்கு மட்டும் இருமல், இழைப்பு 3 மாதங்களைத் தாண்டியும் நீடிக்கலாம். முதல் நாளில் இரு தரப்பும் சொல்வது ஒரே பதில்தான். யாருக்குக் குறைகிறது, யாருக்குத் தங்கிவிட்டது என்பது திரும்பத் திரும்பக் கேட்டால்தான் தெரியும்.

எவ்வளவு இடைவெளி?

எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு கிடையாது. உடல்நிலை மாறும் வேகம்தான் அளவுகோல். வாயுக்கசிவு என்றால் முதல் சில நாட்கள் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, அடுத்து மாதம் ஒருமுறை என்று கேட்பது பொருத்தமாக இருக்கும். ரொம்ப நாள் விட்டால் நினைவு குழம்பிவிடும். அதனால்தான் புற்றுநோயாளிகளுக்கான பல கேள்வித்தாள்கள் 'கடந்த ஒரு வாரத்தில்' என்றே கேட்கின்றன.

பலன் உண்டா?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தங்கள் அறிகுறிகளை அடிக்கடி கணினியில் பதிவு செய்தனர். வீட்டில் கணினி இருந்தவர்களுக்கு வாராவாரம் நினைவூட்டலும் போனது. 2017-ல் வெளியான முடிவின்படி, இவர்களின் சராசரி ஆயுள் (இடைநிலை அளவு) 31.2 மாதங்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 26 மாதங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தொந்தரவு கூடியதுமே செவிலியருக்குத் தகவல் போனது. பதிலைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆள் இல்லையென்றால், எத்தனை முறை கேட்டாலும் மக்களுக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

வடசென்னைக்கு ஏன் முக்கியம்?

அனல்மின் நிலையச் சாம்பல், லாரிப் புகை நடுவே வாழும் எண்ணூரில் இருமல் புதுசு இல்லை. விபத்துக்கு முன்பே பதிவு இருந்தால்தான் பழைய இருமல் எது, வாயு தந்த இருமல் எது என்று பிரிக்க முடியும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அதோடு மூச்சு பற்றியும் இரண்டு கேள்வி கேட்டு, தேதியோடு குறித்து வைக்கலாம். சிகிச்சைக்கு மட்டுமல்ல, நாளை இழப்பீடு கேட்கும்போதும் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.