கையெழுத்துக்கு முன் ஆறு சொற்கள்



போன வாரம் புதன்கிழமை இரவு. நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிடம். கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நேயர்களுக்கான வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பாட்டு கேட்கிறார்களாக்கும் என்று திறந்தேன்.

"அக்கா, பாட்டு கேக்கலை. ஒரு சந்தேகம். எங்க சித்தப்பா மகன், அண்ணன் முறை, கார் வாங்குறாரு. நாளைக்குக் காலையில நான் வந்து சைன் போடணுமாம். ஃபார்முல கேரண்டர்னு இருக்கு. கேரண்டர்னா சாட்சிதானேக்கா?"

அந்தத் தங்கைக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அவர் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. அதே கேள்வியை எங்கள் அப்பா யாரிடமும் கேட்காமல் விட்டார். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

அப்பா லாரி ஓட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். கூட வேலை செய்த நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கினார். "சும்மா ஒரு சைன்தான்யா" என்று அழைத்துப்போனார். அப்பாவும் சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்போது நான் படிவம் ஒன்று. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அப்பா என்னிடம் நீட்டினார். கடிதத்தின் நடுவில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. அவுட்ஸ்டேண்டிங். அந்த மாதம்தான் என் கட்டுரையின் கீழே ஆங்கில ஆசிரியை சிவப்பு மையில் அதே சொல்லை எழுதியிருந்தார்.

"நல்ல லெட்டர்தான்ப்பா. ரொம்பச் சிறப்புன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

அம்மா அதைச் சாமி மேடையில் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார். அடுத்த கடிதத்தை அப்பா தன் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. நண்பர் தவணை கட்டுவதை நிறுத்தியிருந்தார். அப்பா இரண்டு வருடத்துக்கும் மேலாக, மாதம் 200 வெள்ளி கட்டினார். எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன கணினி வரவில்லை. அப்பா இன்றுவரை அந்தக் கடிதத்தைச் சொல்லி என்னைக் கடிந்ததே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு ஊடகத் துறையில் ஆங்கில வழியில் பட்டம் வாங்கினேன். ஆனாலும் தெரிந்த சொல்லைக்கூட அகராதியில் ஒருமுறை பார்க்கும் பழக்கம் அந்தக் கடிதத்தால் வந்ததுதான். ஆகவே இந்த வாரம் தேர்வுக்கான சொற்கள் இல்லை. கடன் படிவத்திலும் வங்கிக் கடிதத்திலும் வரும் ஆறு சொற்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உரக்கப் படியுங்கள்; வாயில் வந்த சொல்தான் மனதில் நிற்கும்.

1. விட்னஸ்

பொருள்: சாட்சி. இன்னார் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று உறுதி சொல்பவர். கடனுக்கு இவர் பொறுப்பில்லை.

வாக்கியம்: ஷீ சைன்ட் தி ஃபார்ம் அஸ் எ விட்னஸ். (அவர் சாட்சியாகப் படிவத்தில் கையெழுத்திட்டார்.)

அறிதல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வேரிலிருந்து வந்த சொல் இது. நம் 'சாட்சி'யோ கண்ணைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. வள்ளுவர் இதே பொருளில் 'கரி' என்கிறார்.

2. கேரண்டர்

பொருள்: பிணையாளி. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்.

வாக்கியம்: இஃப் ஹீ டஸ் நாட் பே, தி கேரண்டர் மஸ்ட் பே. (அவர் கட்டாவிட்டால் பிணையாளி கட்டியாக வேண்டும்.)

கேரண்டியும் வாரண்டியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. புதுக் குளிர்சாதனப் பெட்டிக்கு வாரண்டி கொடுக்கும் நிறுவனம், பழுதானால் தன் செலவில் சரிசெய்கிறது. கேரண்டராக நிற்கும்போது, அண்ணனின் தவணை பழுதானால் சரிசெய்கிற நிறுவனம் நீங்கள்தான்.

இந்தச் சொற்களைத் தேடியபோது ஒன்றைக் கண்டு வியந்தேன். விட்னஸுக்கு மலாய்ச் சொல் 'சாக்சி'. நம் சாட்சியும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லின் பிள்ளைகள். கேரண்டருக்கு மலாய்ச் சொல் 'பெஞ்சாமின்'. அதற்குள் இருக்கும் 'ஜாமின்', நாம் சொல்லும் ஜாமீன்தான். இரண்டும் அரபு மொழியிலிருந்து வந்தவை. அப்பாவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. அந்தப் படிவம் மட்டும் மலாயில் இருந்திருந்தால், 'ஜாமின்' என்ற ஒலியைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்திருப்பார். ஆங்கிலச் சொல் புரியாதபோது மலாய்ச் சொல் என்னவென்று கேளுங்கள். நமக்குக் கையில் இருக்கும் இரண்டாவது டார்ச் லைட் அது.

3. ரெஃபரீ

பொருள்: பந்து விளையாட்டில் நடுவர். வேலை விண்ணப்பத்தில், உங்களைப் பற்றி நற்சான்று சொல்லக்கூடியவர்.

வாக்கியம்: மை ஃபார்மர் டீச்சர் இஸ் மை ரெஃபரீ. (என் முன்னாள் ஆசிரியர் எனக்கு நற்சான்று தருபவர்.)

ரெஃபரீயாகப் பெயர் கொடுப்பதால் மட்டும் கடன் உங்கள் தலையில் விழாது. பெயர் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. அவுட்ஸ்டேண்டிங்

பொருள்: ஒன்று, தனித்து நிற்கும் சிறப்பு. மற்றொன்று, இன்னும் கட்டப்படாத பாக்கி.

வாக்கியம்: ஹெர் எஸ்ஸே இஸ் அவுட்ஸ்டேண்டிங். (அவள் கட்டுரை மிகச் சிறப்பானது.) தி அவுட்ஸ்டேண்டிங் அமவுண்ட் இஸ் ஃபைவ் தவுசண்ட் ரிங்கிட். (பாக்கித் தொகை 5,000 வெள்ளி.)

இரண்டிலும் ஏதோ ஒன்று வெளியே நிற்கிறது. மாணவி கூட்டத்திலிருந்து தனித்து நிற்கிறாள். பணம் உள்ளே வராமல் வெளியே நிற்கிறது. பக்கத்தில் அமவுண்ட், பேலன்ஸ், சம் என்று பணச் சொல் வந்தால் அது பாக்கிதான். பதின்மூன்று வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

5. டிஃபால்ட்

பொருள்: கணினியில், நாம் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்பு. கடனில், தவணை தவறுதல்.

வாக்கியம்: ஹீ டிஃபால்டட் ஆன் தி லோன். (அவர் கடன் தவணையைக் கட்டத் தவறினார்.)

செய்ய வேண்டியதை ஒருவர் செய்யாமல் விடும்போது ஏற்படும் நிலை என்பதுதான் இரண்டு பொருளுக்கும் பாலம்.

6. செவரலி

பொருள்: தனித்தனியாக. செவரல் என்றால் 'பல' என்று பள்ளியில் படித்தோம். சட்ட ஆங்கிலத்துக்கு வந்தால் கதை வேறு. பிரித்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது இது.

வாக்கியம்: தே ஆர் ஜாயின்ட்லி அண்ட் செவரலி லயபிள். (அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள்.)

இந்த வரி இருந்தால், ஆளுக்குப் பாதி என்று கணக்குப் போட முடியாது. முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

சட்டம் கொஞ்சம் கருணை காட்டியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2017 அக்டோபர் 6 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, லாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடனுக்கோ, தான் குடியிருக்க வாங்கும் வீட்டுக் கடனுக்கோ பிணை நிற்பவர் 'சோஷியல் கேரண்டர்' எனப்படுகிறார். அவரைத் திவாலானவராக அறிவிக்க முடியாது. ஆனால் கடன் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. வங்கி வழக்குத் தொடுக்கலாம், பணத்தைக் கேட்கலாம். "இப்பல்லாம் கேரண்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால், பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இந்தச் சொற்கள் மறக்காமல் இருக்க ஒரு வழி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் சொல், அடுத்து அதன் எல்லாப் பொருளும், மூன்றாவதாக உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். அகராதி வாக்கியத்தை அப்படியே எழுதினால் கை மட்டும்தான் படிக்கும். 'மை பிரதர் ஹேஸ் டூ அவுட்ஸ்டேண்டிங் சம்மன்ஸ்' என்று அண்ணன் கட்டாத சம்மனைப் பற்றி எழுதிப் பாருங்கள். அண்ணனுக்கும் மறக்காது.

இந்த வாரப் பயிற்சி: வீட்டில் இருக்கும் மின்சாரக் கட்டணமோ, காப்புறுதிக் கடிதமோ ஒன்றை எடுங்கள். தெரிந்த மாதிரி இருக்கிற, ஆனால் உறுதியாகத் தெரியாத மூன்று சொற்களை வட்டமிடுங்கள். தெரியாத சொல்லுக்கு நாம் அகராதியைத் தேடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் ஏமாற்றும். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னால், "எனக்குத் தெரியலை" என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால் போதும்.

அந்தத் தங்கை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். "சாட்சி இல்லம்மா, ஜாமீன்" என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டு மைக்குக்குத் திரும்பினேன். போடு, போடாதே என்று நான் சொல்லவில்லை. அது அவர் குடும்பம். மறுநாள் மாலை அவரிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது.

"சைன் போடலைக்கா. அண்ணன் கோவமா இருக்காரு. சித்தி வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க. ஆனா அண்ணன்கிட்டயே கேட்டேன், கேரண்டர்னா என்னன்னு தெரியுமான்னு. அவருக்கும் சாட்சின்னுதான் தெரியுமாம்."

அடுத்த வாரம் வேறு சொற்களோடு சந்திப்போம்.