இளவெயிலைத் தேடும் மீன்

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று இப்பக்கத்திற்குப் புதியதொரு பொருளைக் கொண்டுவந்திருக்கிறது. எழுதியவர் ஏரிக்கரை ஊரொன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமையில் தம் ஊர் ஏரியில் தூண்டிலிட்டு விரால் பிடித்துப் பழகியவர். அவருடைய மகன் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணிபுரிகிறார். வரும் தவக்காலத்தில் அவரும் அவர்தம் துணைவியாரும் மகன் வீட்டிற்குச் செல்லவிருக்கின்றனர். பத்து வயதுப் பேரனுக்குத் தமிழ் விளங்கும். பேச நா எழாது. ஆனால் மீன்பிடிப்பதில் அவனுக்குப் பேரார்வம் உண்டு. வீட்டருகே உள்ள குட்டையில் ‘பாஸ்’ என்னும் மீன் இருக்கிறது. போன மார்ச்சு மாதம் நான்கு சனிக்கிழமைகள் விடியற்காலையிலேயே எழுந்து, குட்டையின் அணைக்கரைமேல் நின்று தூண்டில் வீசியும் அவனுக்கு ஒரு மீன்கூட அகப்படவில்லை. மே மாதத்தில் கரையோரத்திலேயே பெரிய மீனொன்று அகப்பட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு, அது கூடு காத்துக்கொண்டிருந்த மீன் என்று யாரோ சொல்லிவிட, பிள்ளையின் மனம் வாடிவிட்டதாம்.

“பேரனோடு அந்தக் குளக்கரையில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. மீன் எங்கே இருக்கும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும், அவன் செய்தது பிழையா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும்” என்று பெரியவர் எழுதுகிறார். நாம் தூண்டிற்காரர் அல்லோம். எனினும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அவருக்கும், அயல்நாடுகளில் மக்களும் பேரமக்களும் உள்ள மற்றக் குடும்பங்களுக்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் மீனை அறிந்துகொள்வோம். பாஸ் என்ற பெயர் பல மீன்களுக்கு வழங்குகிறது. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவையும் ‘சீ பாஸ்’ என்பார் உளர். இல்லினாய்க் குட்டைகளில் வாழ்வது அதனின் வேறான நன்னீர் மீன். வாய் மிக அகன்றிருத்தலால் இதனை ‘லார்ஜ்மவுத் பாஸ்’, அதாவது பெருவாய் பாஸ், என்கின்றனர். வளர்ந்த மீனின் வாய்க்கோணம் கண்ணையும் கடந்து பின்னே செல்லும். பசுமை படர்ந்த உடல். விலாவில் நீளவாட்டில் கரிய பட்டை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் நடுப்பகுதியுமே இதன் தாயகம். 1802-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையறிஞர் லாசெப்பேத் சூட்டிய அறிவியற்பெயரே நெடுங்காலம் இதற்கு வழங்கிவந்தது. புல்லிடையிலோ, விழுந்த மரத்தின் நிழலிலோ பதுங்கியிருந்து, சிறு மீனும் தவளையும் அருகே வரும்போது பாய்ந்து விழுங்குவது இதன் வழக்கம். விராலுக்கு இது உறவன்று. ஆனால் விராலின் போக்கை அறிந்த நம் ஆசிரியருக்கு இதன் குணமும் எளிதில் விளங்கும்.

சிறிய நீர்நிலைதானே என்று எவரும் குட்டையை இகழவேண்டியதில்லை. 1932 ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில், ஓர் ஆற்றின் பழைய வளைவில் தேங்கிய மாண்ட்கோமரி ஏரி என்னும் சிறு நீர்நிலையில், ஜார்ஜ் பெரி என்ற உழவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்சு எடையிருந்தது. நம் கணக்கில் அது 10 கிலோவுக்கும் மேல். பொருளாதார நெருக்கடி நிலவிய அந்நாளில் அம்மீன் அவர் குடும்பத்துக்கு உணவாயிற்று. 2009-ஆம் ஆண்டில் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீன் அதற்கு இணையானது என ஏற்கப்பட்டதேயன்றி, அதனை விஞ்சியதாகக் கொள்ளப்படவில்லை.

இனி, மார்ச்சு மாதத்துக் குட்டைக்கு வருவோம். மீனுக்கு நம்மைப்போல் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும், அதன் செரிமானம் குறையும், அசைவும் குறையும். இல்லினாயின் குளிர்காலத்தில் குட்டையின் மேற்பரப்பு உறைந்துவிடுகிறது. நீர் 4 டிகிரி செல்சியஸ் அளவில்தான் மிகுந்த அடர்த்தி உடையது. ஆகவே அந்நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. இந்த ஏற்பாடு இல்லையாயின் குட்டை அடியிலிருந்தே உறைந்து மீன்களெல்லாம் மடிந்திருக்கும். பாஸ் ஆழமான பகுதியில், பெரும்பாலும் அணைக்கரையை அடுத்துள்ள மடுவில், உணவைச் சுருக்கிக்கொண்டு அசையாது குளிர்காலத்தைக் கழிக்கிறது.

பனிக்கட்டி உருகியதும் நீர் எங்கும் ஒரே சீராக வெப்பமடைவதில்லை. மீனைத் தேடுபவர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. ஆழத்து மடு குளிர்ந்தே இருக்க, கரையோர மேட்டுநீர் ஒரு பிற்பகல் வெயிலிலேயே சில டிகிரி ஏறிவிடும். அந்த வெதுவெதுப்பை நாடிப் பூச்சிகள் அசையத் தொடங்கும். அவற்றை நாடிச் சிறு மீன்கள் வரும். அவற்றின் பின்னே பாஸும் வரும். நீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டும்போது இந்த நகர்வு தெளிவாகத் தெரியும். பெரிய ஏரியை நோக்கக் குட்டையில் நீர் குறைவாதலால், இது அங்கே முன்னதாகவே நிகழ்கிறது.

வெப்பம் முதலில் சேரும் இடம் எது? பெரும்பாலும் வடகரை. நம் நாட்டில் மார்ச்சு மாதத்து நண்பகற் கதிரவன் ஏறத்தாழ நம் தலைக்கு மேலே நிற்கிறான். இல்லினாயிலோ அவன் தெற்கு வானில் சாய்ந்தே செல்கிறான். ஆகவே தெற்கு நோக்கிய வடகரையே மிகுதியான வெயிலைப் பெறுகிறது. அக்கரை வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றையும் தடுக்கிறது. தென்றிசையிலிருந்து இளங்காற்று சில நாள் வீசினாலோ, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீர் அவ்வடகரையிலேயே வந்து சேரும். அங்கே அடிமண் கருஞ்சேறாயிருந்தால் வெயிலை இன்னும் நன்கு உறிஞ்சும். பாறைகளும், நீரில் விழுந்த மரங்களும், சென்ற ஆண்டின் காய்ந்த கோரைத் தண்டுகளும் வெப்பத்தை ஏற்பதோடு மீனுக்கு மறைவிடமும் ஆகின்றன.

ஆயினும் மீன் ஒரே நாளில் மேட்டுக்கு வந்து தங்கிவிடாது. ஆழமும் மேடும் கூடும் விளிம்பிலே காத்திருந்து, வெயிலடித்தால் மேலேறும். வாடை வீசினால் மீண்டும் இறங்கும். எனவே மேட்டுநீரில் மீன் காணவில்லையாயின், அதனை அடுத்த சரிவில் தூண்டிலை இறக்கிப் பார்க்கவேண்டும்.

நம் ஆசிரியர் தம் நெடுநாள் வழக்கமொன்றையும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வெயில் கடுமையான நம் நாட்டில் விடியலும் அந்தியுமே தூண்டிலுக்கு ஏற்ற நேரங்கள் என்பர். அங்கே இளவேனிலின் தொடக்கத்தில் விடியற்காலைதான் நீர் மிகக் குளிர்ந்திருக்கும் வேளை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயிலடித்தபின், பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே செல்வது நன்று. பேரன் போன ஆண்டு விடியலில் சென்றான். நின்றதோ ஆழமான அணைக்கரைமேல். அவனிடம் ஆர்வக்குறையோ பொறுமைக்குறையோ இருந்ததில்லை. இடமும் நேரமும்தாம் பொருந்தவில்லை. இதனைத் தாத்தா அவனுக்கு எடுத்துச் சொல்வாராக. குளிரில் மந்தமான மீன் விரைந்தோடும் இரையைத் துரத்தாது என்பதால், இரையை மெல்ல நகர்த்தி, இடையிடையே நிறுத்தவும் அவனைப் பழக்குவாராக.

புறப்படுமுன் மூன்று செய்திகளை மறத்தலாகாது. எஞ்சிய பனிக்கட்டிமேல் குழந்தைகள் கால்வைக்கக் கூடாது. குளிர்நீரில் தவறி விழுந்தால் நீந்தத் தெரிந்தவரும் விரைவில் சோர்வர். ஆதலால் மிதவைச் சட்டை அணிவது நலம். பெரியவர்கள் தூண்டிலிட அரசின் உரிமச்சீட்டு வேண்டும். குட்டை பிறருக்குரியதாயின் அவருடைய இசைவும் வேண்டும்.

இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை காணக் குட்டையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. அமெரிக்காவின் வயல்களுக்கிடையே காணும் குட்டைகளுட் பல மனிதர் வெட்டியவை. 1930-களில் பெரும் புழுதிப்புயல்கள் அந்நாட்டுச் சமவெளிகளின் மேல்மண்ணை வாரிச்சென்றன. 1935-ல் மண்வளக் காப்புக்கென அரசுத் துறையொன்று அமைக்கப்பட்டது. நீரைத் தேக்கக் குட்டை வெட்டுவதற்கு அத்துறை உழவர்களுக்குத் துணைநின்றது. அக்காலத்தில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஹோமர் ஸ்விங்கிள் என்னும் அறிஞர், இத்தகைய குட்டைகளில் எம்மீனை எவ்வளவு விட்டால் குடும்பங்களுக்கு நிலையாக உணவு கிடைக்கும் என ஆராய்ந்தார். பாஸையும் ‘புளூகில்’ என்னும் தட்டையான சிறு மீனையும் சேர்த்து விடுவதே அவர் கண்ட முறைகளுள் புகழ்பெற்றது. குட்டையின் மீன்களிடையே நிலவும் இச்சமநிலையைப் பற்றி அவர் 1950-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் போற்றப்படுகிறது. பாஸ் புளூகிலைத் தின்று அதன் பெருக்கத்தை அடக்கும். புளூகிலோ, வாய்ப்புக் கிடைத்தால், பாஸின் முட்டைகளைத் தின்னும்.

அவ்வாய்ப்பு எப்போது கிடைக்கிறது? நீர் ஏறத்தாழ 15 அல்லது 16 டிகிரியை எட்டியதும் ஆண் பாஸ் கரையோர மேட்டுநீரில் தன் வாலால் அடிமண்ணைக் கூட்டித் துடைத்து, இரண்டு மூன்று அடி அகலமுள்ள வட்டக் குழியொன்றை ஆக்குகிறது. சேறு நீங்கிய அவ்விடம் மேலிருந்து பார்ப்பவருக்கு வெளிறிய வட்டமாகத் தோன்றும். பெண்மீன் அதில் முட்டையிட்டுச் சென்றுவிடும். காவல் முழுவதும் தந்தையினுடையது. வாலை அசைத்து முட்டைகளுக்குத் தூய நீர் ஊட்டுவதும், நெருங்கும் பகையை விரட்டுவதும் அதன் வேலை. சில நாளில் குஞ்சுகள் வெளிவந்த பின்னரும் அவை தாமே வாழக் கற்கும்வரை அது உடனிருந்து காக்கிறது. தன் இரையைப் பற்றி அந்நாள்களில் அதற்குக் கவலை குறைவு. அப்போது அது தூண்டிலைக் கவ்வுவது பெரும்பாலும் பசியால் அன்று. தன் குஞ்சுகளை அணுகும் பொருளை அகற்றவே கவ்வுகிறது.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலை நம் ஏரிகளில் பார்த்தவர்கள் இதனை உடனே உணர்வர். நம் ஆசிரியரும் பார்த்திருப்பார்.

இல்லினாய் மாநிலத்து ஆய்வாளர் டேவிட் பிலிப்பும் அவர்தம் துணைவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வொன்று, கூடு காக்கும் பாஸைப் பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் தீங்கு நேரக்கூடும் எனக் காட்டுகிறது. மீன் கரையில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் முட்டை தின்னும் மீன்கள் கூட்டினுள் புகுந்துவிடும்; களைத்துத் திரும்பும் தந்தை சில வேளை கூட்டையே கைவிட்டுவிடும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே பல பகுதிகளில் ஜூன் மாதப் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்க நெடுங்காலமாகத் தடை இருந்து வருவதன் நோக்கமும் கூடுகளைக் காப்பதேயாகும்.

அப்படியானால் பேரன் செய்தது பிழையா? அறியாமற் செய்ததை அவன்மேல் சுமத்த நமக்கு மனமில்லை. ஒரு கூடு கெட்டதனால் குட்டை பாழாவதில்லை. ஒரு பெண்மீன் பல்லாயிரம் முட்டையிடுகிறது. கூடுகளும் பல உண்டு. பாஸ் அளவுமீறிப் பெருகிய குட்டையில் சிறியவற்றைச் சில எடுத்து உண்பது மற்ற மீன்களுக்கு நன்மையே என்று குட்டையறிஞர்களும் சொல்கின்றனர். ஆயினும் அவன் மனம் வாடியதே நல்லதோர் அடையாளம். அதனைப் பெரியவர்கள் சிரித்துத் தள்ளிவிடாமல், அவனுக்கு வழிகாட்டினால் போதும்.

அவ்வழி கடினமானதன்று. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், மீன் கூடமைக்குமுன், வெயில் படும் கரையில் தூண்டிலிடலாம். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கையை நனைத்துப் பிடித்து விரைவில் நீரில் விட்டுவிடலாம். கரையோரம் வெளிறிய வட்டங்கள் தோன்றத் தொடங்கியதும் தூண்டிலை மடக்கி வைத்துவிட்டுக் கரையில் அமர்ந்து பார்க்கலாம். தெளிந்த நீரில் தந்தை மீன் வட்டத்தைச் சுற்றிச்சுற்றி வருவதும், நெருங்கும் புளூகிலை விரட்டுவதும் நன்கு தெரியும். கோடையில் குஞ்சுகள் பிரிந்து சென்றபின் மறுபடியும் தூண்டிலை எடுக்கலாம்.

ஆசிரியருக்கு நாம் சொல்ல விரும்புவது இன்னும் ஒன்றுண்டு. இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா வரையேனும் தாங்கள் அங்கிருப்பீர்கள் என எண்ணுகிறோம். ஒரு வெயில் நாளின் பிற்பகலில் பேரனை வடகரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரில் கைவைத்து இரு கரைகளின் வெப்பத்தையும் அவனையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மடு, மேடு, கோரை, விரால், குஞ்சு என்னும் சொற்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். தூண்டில் கையிலிருக்கும்போது அவன் அவற்றை மறக்கமாட்டான். மீன் அகப்பட்டதோ இல்லையோ, திரும்பி வந்ததும் நமக்கு எழுதுங்கள், இப்பக்கத்தில் வெளியிடுவோம்.