சட்டம் தெரிந்து கொள்வோம்: ‘கேஸ் தள்ளுபடி’ என்றால் எந்தத் தள்ளுபடி?



தோட்டத்தை விட்டுப் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்ற பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடந்து போய் வருகிறவர்களும் உண்டு. அப்படிப் போன ஒருவர் மீது குற்றச்சாட்டு என்று செய்தி வந்தால் வீடே இடிந்து போகும். “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று லயத்தில் நாலு பேர் பேசுவார்கள். “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வா, சம்பளம் போகிறதே” என்று வேறு சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. விசாரணை நடக்காமலே குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்படுவதும் உண்டு.

சாங்கி என்றால் நம் பெரியவர்களுக்குச் சிறைச்சாலை நினைவுக்கு வரும். இளையவர்களுக்கு விமான நிலையம். அந்த விமான நிலையத்தில் 2016 டிசம்பர் 2-ஆம் தேதி வந்து இறங்கிய ஓர் இந்தோனேசியப் பெண்ணைப் போலீசார் கைது செய்தார்கள். பார்தி லியானி என்பது அவர் பெயர். சாங்கி விமான நிலையக் குழுமத்தின் அன்றைய தலைவர் லியூ முன் லியோங் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். அக்டோபர் 28-ஆம் தேதி அவரைத் திடீரென வேலையை விட்டு நீக்கினார்கள். சில மணி நேரத்தில் மூட்டை கட்டச் சொன்னார்கள். மகன் வீட்டிலும் தம்மை வேலை வாங்கியது பற்றி மனிதவள அமைச்சில் புகார் செய்வேன் என்று அவர் சொன்னார். இரண்டு நாளில், அவர் பொருள்களைத் திருடினார் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள்.

அவர் மீது ஐந்து குற்றச்சாட்டுகள். நான்கு, எஜமானர் வீட்டுத் திருட்டு. ஐந்தாவது, திருட்டுப் பொருள் எனச் சந்தேகிக்கப்படும் பொருள்களை வைத்திருந்தது. முதல் நான்கும் விசாரிக்கப்பட்டு, 2019 மார்ச்சில் 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஐந்தாவது விசாரணைக்கே எடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது.

அனில் பால்சந்தானி என்ற வழக்கறிஞர் கட்டணமின்றி வாதாடினார். 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஒன் நான்கு குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுதலை செய்தார். புகாருக்குப் பின் சுமார் ஐந்து வாரம் கழித்தே போலீசார் அந்த வீட்டுக்குப் போனதையும், வாக்குமூலம் எடுத்தபோது அவருடைய மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாததையும் தீர்ப்பு சுட்டிக் காட்டியது.

அப்போதும் ஐந்தாவது குற்றச்சாட்டு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி அரசாங்கத் தரப்பு அதை மேலும் நடத்தப் போவதில்லை என்று அறிவித்தது. கோர்ட்டு அவருக்கு ‘விடுதலைக்கு ஈடான விடுவிப்பு’ வழங்கியது. அன்றுதான் அவர் முழுதாக மூச்சுவிட்டார்.

‘விடுதலைக்கு ஈடான’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் 2010-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விடுவிப்பு இரண்டு வகை. விடுதலைக்கு ஈடான விடுவிப்பு கிடைத்தால் அதே குற்றத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு என்றால் வழக்கு தூங்குகிறது, சாகவில்லை. புதிய சாட்சியம் கிடைத்தால் திரும்பவும் கூப்பிடலாம். அரசாங்கத் தரப்பு வழக்கை நடத்தவில்லை என்று சொன்னால், கோர்ட்டு தனியாக உத்தரவிட்டால் ஒழிய, பொதுவாக இரண்டாவது வகைதான் கிடைக்கும். ஆகவே “கேஸ் தள்ளுபடி” என்று கேட்டதும் மகிழ்ந்து ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். “எந்த விடுவிப்பு?” என்று வக்கீலிடம் கேளுங்கள். முதல் வகையைத் தர வேண்டுமென்று கோர்ட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

குற்றச்சாட்டை மீட்கும் அதிகாரம் தலைமைச் சட்ட அதிகாரியிடம் இருக்கிறது. அவருடைய அலுவலகத்துக்கு வக்கீல் மூலம் முறையீட்டுக் கடிதம் எழுதலாம். வக்கீல் இல்லாதவர் தாமே எழுதலாம். கெஞ்சி எழுதினால் போதாது. ரசீது, சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம், அந்த நேரத்தில் உடனிருந்தவர் பெயர் என்று ஆதாரம் வேண்டும். அதைப் பார்த்து அவர்கள் குற்றச்சாட்டை மீட்கலாம், குறைக்கலாம், எச்சரிக்கையோடு விடலாம், மறுக்கவும் செய்யலாம். சிறு கைகலப்பு போன்ற சில குற்றங்களில், அடிபட்டவரும் அரசாங்கத் தரப்பும் சம்மதித்தால் சமரசத்திலேயே வழக்கு முடியும். செய்த குற்றத்தை மூடி மறைக்க இது வழியல்ல. செய்யாத குற்றத்தைச் சுமக்காமலிருக்க வழி.

ஆகவே சிங்கப்பூரிலுள்ள பிள்ளைக்கு இப்போதே எழுதிவிடுங்கள். போலீசார் விசாரித்தால், “எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்லட்டும். வாக்குமூலத்தைத் தன் மொழியில் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடட்டும். சம்பளச் சீட்டு, ரசீது எதையும் எறிய வேண்டாம். சிக்கலில் மாட்டினால் தூதரகத்துக்குச் சொல்லட்டும். பார்திக்குத் தங்க இடம் தந்து உதவிய ‘ஹோம்’ போன்ற தொண்டு அமைப்புகளையும் நாடலாம்.

மலேசியாவிலும் இதே கதைதான். பத்திரிகைகளில் ‘டி.என்.ஏ.ஏ.’ என்று வருவது ஈடாகாத விடுவிப்பையே குறிக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்கு, 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

பார்தி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வேலையின்றி, ஊருக்கும் போக முடியாமல் காத்திருந்தார். ஒப்புக்கொண்டிருந்தால் சீக்கிரமே வீடு போயிருக்கலாம். ஆனால் திருடி என்ற பெயரும் கூடவே போயிருக்கும். சம்பளம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள்.