வேட்பாளர் தடுப்பூசி

செய்தி ஏஜென்சிக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்த இளைஞர், 'காண்டிடேட் வாக்சின்' என்பதை 'வேட்பாளர் தடுப்பூசி' என்று எழுதிவிட்டார். சிரித்துக்கொண்டே அடித்து, 'சோதனை நிலையில் உள்ள தடுப்பூசி' என்று திருத்தினேன். பிறகு யோசித்தபோது, அவர் எழுதியதில் பெரிய தவறில்லை என்று பட்டது. எச்.ஐ.வி.க்கு எதிராக வேட்பாளர்கள் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். ஒருவர்கூட ஜெயித்தபாடில்லை.

இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984 ஏப்ரலில் நம்பிக்கை தெரிவித்தார் அமெரிக்க சுகாதாரச் செயலர் மார்கரெட் ஹெக்லர். 1997 மே 18 அன்று அதிபர் கிளின்டன் பத்தாண்டுக் கெடு விதித்தார். (அந்தத் தேதிதான் இன்று எச்.ஐ.வி. தடுப்பூசி விழிப்புணர்வு நாள்.) கெடு முடிந்த 2007இல் மெர்க் நிறுவனத் தடுப்பூசியின் சோதனை பாதியில் நின்றது. தாய்லாந்தில் 16,000க்கும் அதிகமானவர்களிடம் நடந்த சோதனையில் 31 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக 2009இல் தெரியவந்தது. டெபாசிட் தப்பியது, அவ்வளவுதான். அதை மேம்படுத்தித் தென்னாப்பிரிக்காவில் செய்த சோதனையும் 2020இல் நிறுத்தப்பட்டது.

அம்மை போன்ற நோய்களை உடல் தானாகவே வெல்கிறது. அந்த வழியைப் பார்த்துக் காப்பியடித்தால் தடுப்பூசி தயார். எச்.ஐ.வி.யை உடல் தானாக விரட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம் என்பதால், காப்பியடிக்க விடைத்தாளே இல்லை. போதாக்குறைக்கு, இந்த வைரஸ் ஓயாமல் உருமாறுகிறது. நம் மரபணுவுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கிறது.

நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இருபது வருடம் கழித்து, 2006இல், அதே சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 32 பேர் சோதனைத் தடுப்பூசிக்காகக் கையை நீட்டினார்கள். இந்தியாவில் அதிகம் பரவியுள்ள 'சி' வகை வைரஸை மனதில் வைத்துத் தயாரான ஊசி அது. முந்தைய ஆண்டு புனேயில் நடந்த வேறொரு சோதனையில் 30 பேர். எல்லோரும் நோயில்லாத, ஆரோக்கியமான மனிதர்கள். யாரும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தகைய ஊசிகளில் முழு எச்.ஐ.வி. கிடையாது, போட்டுக்கொள்வதால் எய்ட்ஸ் வராது. சங்கடம் வேறு இடத்தில். தடுப்பூசி வேலை செய்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகும். வழக்கமான எச்.ஐ.வி. டெஸ்ட் தேடுவதும் அவற்றைத்தான். ஆகவே தொற்றே இல்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' என்று முடிவு வரலாம். வைரஸையே தேடும் வேறு பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ, கல்யாணப் பேச்சிலோ, அந்த இரண்டாவது பரிசோதனை வரை பொறுத்திருக்கப்போவது யார்? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமல்ல.

லெனகாபவிர் ஊசி வந்துவிட்டதே என்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடுவது. ஆப்பிரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் அதிகமான இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். அருமையான செய்திதான். ஆனால் அது தடுப்பூசி அல்ல, மருந்து. நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். 2025 மே மாதம் அமெரிக்க அரசு, டியூக், ஸ்கிரிப்ஸ் ஆகிய இரண்டு பெரிய தடுப்பூசி ஆய்வுக் குழுக்களுக்கு இனி நிதி நீட்டிப்பு இல்லை என்றது. கையிலிருக்கும் மருந்துகளே போதும் என்பது அதன் வாதம். ஆறு மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க முடியாதவர்களை அந்த வாதம் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.