அசையாத பத்து பவுண்டு

1972இல் பிரிட்டனின் எட்வர்ட் ஹீத் அரசு, ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸாகப் பத்து பவுண்டு கொடுத்தது. அப்போது தனிநபருக்கான அடிப்படை அரசு ஓய்வூதியமே வாரத்துக்கு 6.75 பவுண்டுதான். ஒன்றரை வார வருமானம் மொத்தமாகக் கைக்கு வந்தால் பண்டிகைச் செலவுக்குத் தாராளம்.

அந்தத் தொகை இன்றும் அதே பத்து பவுண்டு.

விலைவாசி அப்படி நிற்கவில்லை. 1975இல் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட்டது. 2022 அக்டோபரில் மறுபடி 11 சதவீதத்தைத் தாண்டியது. 2025இல் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 230 பவுண்டு. போனஸோ ஒரு நாள் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய மதிப்பைக் காக்க நூறு பவுண்டுக்கு மேல் தர வேண்டும். சட்டம் போட்டுக் குறைத்திருந்தால் நாடாளுமன்றம் கொந்தளித்திருக்கும். பணவீக்கம் குறைத்ததால் பெரிய எதிர்ப்பே எழவில்லை.

இதைவிடக் கொடுமை, பிரிட்டனில் உழைத்துவிட்டு இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறியவர்களின் நிலை. அவர்களுடைய அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதில்லை. பழைய தொகையிலேயே உறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் குடியேறியவருக்கோ உயர்கிறது. ஓய்வூதியத்துக்கென ஒரே காப்பீட்டுச் சந்தாவைக் கட்டியவர்களிடையே இந்தப் பாகுபாடு அநியாயம். லண்டன் இதை உடனே நீக்க வேண்டும்.