தூங்கிய டிரைவரா, தூங்கவிடாத முதலாளியா?

ஜனவரி பிறந்தால் போதும், சர்க்காருக்கு ரோட்டின் மீது திடீர் அக்கறை பிறந்துவிடும். சாலைப் பாதுகாப்பு மாதம் என்று துணி பேனர் கட்டுவார்கள். டிரைவர்களை வரிசையாக நிறுத்திக் கண் பரிசோதனை நடக்கும். கையில் ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம். வேகமாகப் போகாதே, தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு என்று அதில் அச்சடித்திருக்கும். அருமையான உபதேசம்! ஆனால் ஓரம் கட்டி நின்ற அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? அதைப் பற்றி அந்தப் பிரசுரத்தில் ஒரு வரி கிடையாது. உபதேசம் செய்த அதிகாரி வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். உபதேசம் கேட்டவன் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்.

திருத்தணி வட்டாரத்துத் தோழர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதி போகும் ரோடு நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரா. இந்த ரோட்டுக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், கரும்புப் பருவத்தில் கட்டு ஏற்றிய டிராக்டர்கள், யாத்திரிகர் வேன்கள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களை ஆடுமாடு போல நிற்கவைத்து ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்கள்! இவற்றின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனும் தொழிலாளி. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் தொழிலாளிகள். அவன் கண் ஒரு நொடி மூடினால் இருவர் குடும்பமும் தெருவில் நிற்கும்.

2025 மார்ச் மாதம் திருத்தணிக்கு அருகே கே.ஜி.கண்டிகையில் அரசு பஸ்ஸும் டிப்பர் லாரியும் மோதிக்கொண்டன. உயிர்கள் போயின. அந்த விபத்துக்கு யார் காரணம் என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலை அல்ல; அதற்குக் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு விபத்து நடந்ததும் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். டிரைவர் குடித்திருந்தானா? லைசென்ஸ் இருந்ததா? எவ்வளவு வேகத்தில் வந்தான்? கேட்க வேண்டிய கேள்விகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனை எத்தனை மணிக்கு வண்டியில் ஏற்றினீர்கள், முந்தின நாள் எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்பவர் யார்?

மத்திய சர்க்காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. நாட்டிலேயே முதல் இடம். இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது நம் மாநிலத்தில் நாளொன்றுக்கு 49 பிணங்கள். இத்தனை சாவுக்கும் காரணம் என்ன? அதே அறிக்கை சொல்கிறது: நூற்றுக்கு 71 சாவு அதிவேகத்தால். பிறகு குடி, தவறான பக்கம் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், செல்போன், மற்றவை. அந்த வரிசையில் தூக்கமின்மைக்கு ஒரு தலைப்பு இல்லை. பதினான்கு மணி நேர வேலைக்கு ஒரு தலைப்பு இல்லை. குற்றப் பட்டியலை டிரைவரின் இருக்கையோடு முடித்துவிட்டார்கள். முதலாளியின் நாற்காலி வரைக்கும் அது போகவே இல்லை!

அதிவேகம் என்கிறீர்களே, எதற்காக ஒருவன் வேகமாக ஓட்டுகிறான்? ரசனைக்காகவா? பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்த அளவுக்குத்தான் கூலி என்றால் தறி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் வயிற்றில் அடி. கரும்பு வெட்டும் தோழருக்கும் தெரியும். டன்னுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் இடுப்பு முறிந்தாலும் கத்தி நிற்காது. டிப்பர் டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு. நாலு நடை அடித்தால் அடுப்பு எரியும், ஆறு நடை அடித்தால் கடன் அடையும். குவாரியில் லோடுக்குக் காத்துக் கிடந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அந்த நேரத்தை ரோட்டில்தான் பிடிக்க வேண்டும். நெசவாளி அவசரப்பட்டால் நூல் அறும். டிரைவர் அவசரப்பட்டால் என்ன அறும் என்று எழுத வேண்டியதில்லை. இந்த நடைக்கூலியை வைத்துக்கொண்டு "வேகமாகப் போகாதே" என்று போர்டு எழுதுவது, பட்டினி போட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிடு என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்து 2018ஆம் ஆண்டைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் லாரிகள் ஏற்றலாம் என்ற பாரத்தை மத்திய சர்க்கார் உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. மூன்று அச்சு லாரி 25 டன்னிலிருந்து 28.5 டன். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு காரியமும் செய்தார்கள். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று இருந்த விதியை எடுத்துவிட்டார்கள். பாரம் ஏறியது, ஆள் குறைந்தது, நாலே மாதத்திற்குள்! ஒருவன் ஓட்ட, ஒருவன் பின்னால் கட்டையைச் சாய்க்க என்று இருந்த ஏற்பாடு சட்டப்படியே ஒழிந்தது. மிச்சமான அந்த ஒரு சம்பளம் யார் பெட்டிக்குப் போயிற்று? ரோட்டில் நடக்கும் ஜனங்களுக்கா போயிற்று?

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து 1939 மோட்டார் வண்டிச் சட்டத்திலேயே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டச் சொல்லக்கூடாது, அரை மணி ஓய்வு தர வேண்டும், நாளுக்கு ஒன்பது மணி நேரமே உச்சம் என்று எழுதியிருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழகத்துக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1961இல், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஐந்து மணி வேலைக்கு அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் குறைந்தது ஒன்பது மணி நேரம் இடைவெளி. வாரம் ஒரு நாள் லீவு. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. இரவில் தங்க வேண்டிய இடங்களில் ஓய்வு அறை. ஐந்து தொழிலாளிகள் இருந்தாலே இந்தச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை இவை. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

அந்தச் சட்டத்தில் நம் ஊருக்கென்றே எழுதியது போல ஒரு வரி உண்டு. நெடுந்தூர ஓட்டத்திலும் திருவிழாக் காலத்திலும் எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாம். ஆனால் அதிகாரியின் அனுமதி வேண்டும். எது வந்தாலும் நாளுக்குப் பத்து மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக்கூடாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் லட்சக்கணக்கான ஜனங்களையும், டிசம்பர் 31 படித் திருவிழாக் கூட்டத்தையும் ஏற்றி இறக்கிய டிப்போ தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்து மணிக் கோட்டைக் கண்ணால் பார்த்தது உண்டா என்று. "டபுள் டூட்டி" என்பது எந்த டிப்போவிலும் புதிய வார்த்தை அல்ல. ஆள் போடாமல் பஸ் மட்டும் கூடுதலாக விட்டால், கூடுதல் பஸ்ஸை ஓட்டுவது யார்? நேற்றைய இரவுத் தூக்கத்தை இழந்த அதே டிரைவர்தான்!

நடைமுறையில் சட்டம் ஏட்டில் தூங்கியது. டிரைவர் ஸ்டியரிங்கில் தூங்கினான். எல்லை ஊர் என்பதால் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. லாரி பொன்பாடியைத் தாண்டிவிட்டால் இந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டருக்கு அது ஆந்திரா சங்கதி; அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டருக்குத் தமிழ்நாட்டு வண்டி. தூக்கத்துக்கு மாநில எல்லை உண்டா?

ஏட்டில் இருந்ததையும் இப்போது எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. 1961 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்து போயிற்று. எட்டு மணி என்ற வார்த்தை மிச்சமிருக்கிறது, உண்மை. ஆனால் ஐந்து தொழிலாளி என்பது பத்து தொழிலாளி ஆகிவிட்டது. எத்தனை மணிக்கு ஒரு ஓய்வு என்பது சட்டத்திலிருந்து இறங்கி, சர்க்கார் அறிவிக்கை போடும் விஷயமாகிவிட்டது. நம் ரோட்டில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மூன்று வண்டி வைத்திருப்பவர்களுடையவை. பத்து பேர் என்ற கோட்டுக்கு வெளியே நிற்கும் அந்த டிரைவருக்கு எந்த மணிக்கணக்கு?

சிறிய வண்டிக்காரர் என்ன செய்வார், அவரே தவணை கட்ட முடியாமல் தவிக்கிறாரே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வட்டிக் கம்பெனிக்கும் டீசலுக்கும் டோல்கேட்டுக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை டிரைவரின் தூக்கத்தில்தான் பிடிக்கிறார் அவர். ஆகவே கேள்வி அவரோடு நிற்கக்கூடாது. இன்ன நேரத்துக்குள் சரக்கு வந்து சேர வேண்டும், தாமதமானால் வாடகையில் பிடித்தம் என்று உத்தரவு போடும் பெரிய கம்பெனியிடம் கேட்க வேண்டும். லாரி அந்தக் கம்பெனியுடையது அல்ல. டிரைவரும் கம்பெனியின் ஆள் அல்ல. விபத்து நடந்தால் கம்பெனியின் பெயர் எஃப்.ஐ.ஆரில் வராது. சரக்கு மட்டும் கம்பெனியுடையது!

இப்படித்தான் உலகம் முழுவதும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவும் முதலாளித்துவ நாடுகள்தான். அங்கே நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் வண்டி நிற்க வேண்டும். ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி லாரியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம் 2006ஆம் ஆண்டு விதி ஒன்று: ஓடிய தூரத்தையும் ஏற்றிய சரக்கையும் வைத்து, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் டிரைவருக்குக் கூலியோ போனஸோ கொடுக்கக்கூடாது. கொடுத்தால் குற்றவாளி போக்குவரத்துக் கம்பெனி. சரக்கு அனுப்புகிறவரும் இந்த நேரக் கணக்குக்கு உட்பட்டே கெடு வைக்க வேண்டும். நம் நடைக்கூலியை அங்கே கொண்டுபோய் வைத்தால் கோர்ட்டில் நிற்கும்! சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1979இலேயே நாலு மணிக்கு மேல் இடைவிடாது ஓட்டக்கூடாது, தினம் பத்து மணி ஓய்வு வேண்டும் என்று 153ஆம் ஒப்பந்தம் போட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை.

நம் மந்திரிகளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. டிரைவர்கள் 12 மணி, 14 மணி ஓட்டுகிறார்கள், மற்ற நாடுகளில் வரம்பு இருக்கிறது என்று மத்திய போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரியே 2023இல் மேடையில் பேசினார். அதற்கு முன் 2021இல், டிரைவர் தூங்கினால் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்றார். தூங்கும் தொழிலாளியைத் தட்டியெழுப்ப யந்திரம்! தூங்குவதற்கு எட்டு மணி நேரம் கொடுங்கள் என்றால் காதில் விழவில்லை. இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். ஏற்கெனவே வண்டிகளில் ஏறிவிட்டது. அது எதற்குப் பயன்படுகிறது? டீக்கடையில் வண்டி பத்து நிமிஷம் நின்றால் "ஏன் நிற்கிறாய்?" என்று போன் வருகிறது. பதினைந்து மணி நேரமாக நிற்காமல் ஓடினால் "ஏன் நிற்கவில்லை?" என்று எந்தப் போனும் வருவதில்லை. அதே கருவி, அதே கணக்கு. பார்க்கிற கண் யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

தண்டனை விஷயத்தில் மட்டும் சர்க்காரின் கை தாராளம். கவனக்குறைவால் உயிர் போனால் பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு. புதிய நியாய சம்ஹிதையில் ஐந்து ஆண்டு. விபத்து இடத்திலிருந்து தகவல் சொல்லாமல் போனால் பத்து ஆண்டு என்று 106(2) பிரிவில் எழுதினார்கள். 2024 ஜனவரி முதல் தேதி வடநாட்டு லாரி டிரைவர்கள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டே நாளில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. சர்க்கார் இறங்கி வந்தது. அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தது. அடித்துவிட்டு ஓடுவது சரி என்று யாரும் வாதாடவில்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்று பயப்படுகிற மனிதனுக்குப் பத்து ஆண்டு. அவனைத் தூக்கமில்லாமல் ஓட்டவைத்தவனுக்கு ஒரு நாள்கூட இல்லை! இதுவா நியாயம்?

டிரைவர்களில் குடிப்பவன் இல்லையா? இருக்கிறான். அவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். பஸ்ஸில் இருப்பது நம் பெண்டு பிள்ளைகள். ஆனால் ஒரு குடிகாரனைக் காட்டி, குடிக்காமல் தூக்கத்தில் சாகும் பத்துப் பேரை மறைக்க விடமாட்டோம்.

பஸ் தொழிலாளியின் எட்டு மணி நேரம் பஸ் தொழிலாளியின் சங்கப் பிரச்சினை மட்டும் என்று மில் தோழரும் வயல் தோழரும் ஒதுங்க வேண்டாம். ஷிப்டு பஸ்ஸை ஒப்பந்தம் எடுத்திருக்கும் காண்டிராக்டரிடம், இரவு ஷிப்டுக்கு வந்த டிரைவரே காலை ஷிப்டையும் ஓட்டுகிறாரா என்று ஆலைச் சங்கம் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். லோடு ஆட்டோவில் பெண்களை ஏற்றும் மேஸ்திரியிடம், ஆள் ஏற்றும் வண்டி வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் கேட்கட்டும். தமிழ்நாடு சர்க்கார் ஐந்து மணிக்கு அரை மணி ஓய்வு என்பதை ஒரு வண்டி, ஒரு டிரைவர் இருந்தாலும் பொருந்தும்படி அறிவிக்கட்டும். நடைக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் ஆக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், திருத்தணி டிப்போ வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும்: எந்த டிரைவர் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், அந்த டூட்டியைப் போட்ட அதிகாரி யார். மூன்றாவது பெயரையும் சாக்பீஸால் பெரிதாகவே எழுதட்டும்.