பணம் கட்டுமுன் ஒரு பரீட்சை

சென்ற மாதம் குன்னத்தூருக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டுக்காரி ஒரு விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்தாள்.

"ஏனுங்கக்கா, எம் புள்ளையெ இந்த நெட்வொர்க் படிப்புல சேர்த்துடட்டுங்களா? நூத்துக்கு நூறு பாஸுன்னு போட்டிருக்குதுங்க!"

சகோதரிகளே, இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பனியன் கம்பெனி ஆபீஸில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செய்தியை வழி பார்த்து அனுப்புவது ரூட்டர். இவை நின்றால் ஆர்டரும் நிற்கும், பில்லும் நிற்கும். இவற்றைக் கட்டிக் காப்பவர்தான் நெட்வொர்க் என்ஜினீயர்.

இத்துறையில் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் எழுதும் பரீட்சை, ஸிஸ்கோ கம்பெனி 1998-ல் ஏற்படுத்திய ஸி.ஸி.என்.ஏ. 2020 பிப்ரவரி முதல் அது ஒரே தேர்வு; இரண்டு மணி நேரம். பட்டம் பெற்றவர்தான் எழுதலாம் என்ற நிபந்தனை கிடையாது. கட்டணம் 300 டாலர், வரி தனி. தேறினால் மூன்று வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தச் சான்றிதழைத் தருவது ஸிஸ்கோ. பயிற்சி நிலையம் அல்ல. நிலையம் தரும் காகிதம் 'வகுப்புக்கு வந்தார்' என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். ஆகவே, "நீங்கள் கேட்கும் தொகையில் பரீட்சைக் கட்டணமும் அடக்கமா?" என்று முதலில் கேளுங்கள். "ஸ்விட்சையும் ரூட்டரையும் என் பெண் தன் கையால் இயக்கிப் பார்ப்பாளா?" என்பது இரண்டாவது கேள்வி. "நடுவில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும்?" என்பது மூன்றாவது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நூற்றுக்கு நூறு பாஸ் என்கிறார்களே, அது எப்படி? பரீட்சையில் வந்த கேள்விகளைக் கள்ளத்தனமாகச் சேர்த்து மனப்பாடம் செய்ய வைக்கும் இடங்கள் உண்டு. அது விதிக்கு விரோதம். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். பிடிபடாவிட்டாலும், வேலைக்குப் போன முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிடும்!

"பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படுங்களா?" என்று இழுத்தாள் அவள்.

நன்றாகச் சரிப்படும். 1984-ல் ஸிஸ்கோவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸாண்டி லெர்னர் என்ற பெண்மணி. ஸ்விட்சுகளுக்கிடையே இரண்டு வழிகள் இருந்தால் செய்தி செக்கு மாடு போல் ஓயாமல் சுற்றும். ஒரு வழியை அடைத்து வைத்து, மற்றது அறுந்தால் மட்டும் அதைத் திறந்துவிடும் உபாயத்தை 1985-ல் வகுத்தவர் ராடியா பெர்ல்மன். அவரும் பெண்தான். அந்தப் பாடம் இந்தப் பரீட்சையிலேயே வருகிறது.

பணம் கட்டுமுன் ஒரு மாதம் வீட்டிலேயே படிக்கச் சொல்லுங்கள். ஸிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி ஆரம்பப் பாடங்களையும், கம்ப்யூட்டர் திரையிலேயே ஸ்விட்சுகளை இணைத்துப் பழக உதவும் 'பாக்கெட் டிரேஸர்' என்ற சாதனத்தையும் இலவசமாகவே தருகிறது.

மாதக் கடைசியில் நீங்களே ஒரு பரீட்சை வையுங்கள். "ஐம்பது கம்ப்யூட்டருக்கு எத்தனை விலாசம் கொண்ட தொகுதி வேண்டும்?" என்று கேளுங்கள். தொகுதிகள் 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும். 32 போதாது, 64 எடுத்தால் இரண்டு கழிந்து 62 மிஞ்சும். இதை ஏன், எப்படி என்று உங்களுக்குப் புரியும்படி சொன்னாளானால், பெண்ணுக்கு இதில் மனம் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது தாராளமாகப் பணம் கட்டலாம்.

குன்னத்தூர்ப் பெண் இப்போது மாமா வீட்டுப் பழைய லாப்டாப்பில் பழகி வருகிறாளாம். போனஸ் பணம் இன்னும் அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது.